அந்தக் குழியைத் தாண்டியது யார்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது என் அண்ணன் செந்தில் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ போட்டான். கோயம்புத்தூர் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு போனில் கேம் விளையாடுகிறான். நாங்கள் சின்ன வயதில் டிவியில் விளையாடிய கேம்தான். அதைப் புதுசாகச் செய்து விட்டிருக்கிறார்களாம். மூன்றாம் கட்டத்துப் பெரிய குழியைத் தாண்டிவிட்டு, கீழே எழுதியிருக்கிறான்: 'முப்பது வருஷம் ஆச்சு. கை இன்னும் மறக்கல.' எனக்கு வந்த ஆத்திரத்தில் தோசை கருகிவிட்டது. எந்தக் கை என்று கேட்கிறேன்.

கருகல் வாசத்தோடு அந்தக் காலத்து அடாப்டரின் சூட்டு வாசமும் நினைவில் வந்தது. அப்பா ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் வாங்கிவந்த டிவி கேம் பெட்டி. அரைமணி நேரம் ஓடினால் அடாப்டரில் கை வைக்க முடியாது. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் என்று போட்டிருக்கும். பெயரை மாற்றி மாற்றி வருவது பத்துப் பன்னிரண்டுதான். தெருவில் எல்லா விசைத்தறியும் சேர்ந்து ஓடும்போது வோல்டேஜ் இறங்கி டிவிப் படம் சுருங்கும். வோல்டேஜ் குறைந்தால் பொம்மையும் குறைவாகத்தான் தாவும் என்பது செந்திலின் கண்டுபிடிப்பு. நானும் நம்பினேன். ஆனால் அதே வோல்டேஜில் நான் தாண்டினேன்.

அந்தக் கேமில் ஒரு நியாயம் இருந்தது. தரையை விட்டுக் கால் எழும்பினால் எழும்பியதுதான். காற்றில் திரும்ப முடியாது. ஓடிவந்த வேகம் எங்கே கொண்டுபோய் விடுமோ அங்கேதான் விழ வேண்டும். குழிக்கு முன்னால் ஒரு காசு இருக்கும். எடுத்தால் 'டிங்' என்று கேட்கும். அதற்குப்பின் ஒரு மூச்சு விட்டு அழுத்தினால் எதிரே ஒற்றைச் செங்கல்லில் போய் நிற்கலாம். எத்தனை முறை செய்தாலும் நிற்கலாம். செந்தில் பதறி முன்னாலேயே அழுத்திவிடுவான்.

நான் பெரியவளான பிறகு அவன் கூட்டாளிகள் வந்தால் அம்மா என்னை அறைக்குள் அனுப்பிவிடுவாள்.

"வயசுப் பையனுவ இருக்கையில ஹால்ல ஒனக்கு என்ன வேல?"

செந்தில் அதற்கும் வழி கண்டுபிடித்தான். அறை வாசலில் முதுகைச் சாய்த்து உட்காருவான். குழி நெருங்கியதும் கேமை நிறுத்தி, கன்ட்ரோலரைத் திரைச்சீலைக்குப் பின்னால் என்னிடம் நீட்டுவான்.

"கைய பாக்காதியலே. கண்ணு பட்டுரும்."

அவர்களும் பயபக்தியோடு டிவியையே பார்ப்பார்கள். அங்கிருந்து எனக்கு டிவி தெரியாது. டிங், ஒரு மூச்சு, அழுத்து. அவ்வளவுதான்.

"செந்திலு கை மிஷினுலே" என்று யாராவது சொல்வார்கள். நான் இருட்டில் சிரித்துக்கொள்வேன். அப்போது எனக்கு அது பெருமையாக வேறு இருந்தது, மடச்சி.

இப்போது வந்திருக்கும் கேமில் காற்றில் போகும்போதே முன்னும் பின்னும் திருப்பிக்கொள்ளலாம். தவறாக எழும்பினாலும் சரியாக இறங்கலாம். நிறத்தை மாற்றுங்கள், பாட்டை மாற்றுங்கள், நான் ஏன் என்று கேட்கமாட்டேன். தாவலில் கைவைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? பழசின் முகத்தை ஒட்டிவைத்து உள்ளே வேறு எதையோ ஓடவிட்டால் அதற்குப் பெயர் மோசடி.

செந்திலுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பழைய ஜம்ப் வச்சுத் தாண்டிக் காட்டு."

"அது இதுல இல்லட்டி. எடுத்துட்டானுவ. இப்ப உள்ள பிள்ளையளுக்கு அது சரிப்படாதுல்லா."

"அப்ப, சின்ன வயசுல தாண்டுனது யாரு?"

"நாம ரெண்டு பேரும் சேந்துதான வெளாடுனோம். இதுக்குப் போயி ஏன் கோவப்படுத?"

சேர்ந்து விளையாடினோமாம். எதிர்முனையில் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன்.

அந்தக் கேமை நானும் இறக்கினேன். மூன்றாம் கட்டம் வரை போனேன். கண்ணை மூடிக்கொண்டேன். டிங், ஒரு மூச்சு, அழுத்தினேன். பொம்மை குழியில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. ஓட்டத்தின் வேகத்தையும் மாற்றியிருக்கிறார்கள். என் கை மறக்கவில்லை, அதனால்தான் விழுந்தேன்.

மத்தியானம் குழுவில் எழுதினேன்: 'அந்தக் காலத்தில் அந்தக் குழியைத் தாண்டியது நான். செந்தில் இல்லை.' சிவகிரிச் சித்தி சிரிக்கும் பொம்மைகள் நாலைந்து போட்டுப் பதில் அனுப்பினாள்: 'நீ எப்ப வெளாடுனட்டி? நாங்க யாரும் பாக்கலையே.' நான் எழுதியதைச் செந்தில் படித்துவிட்டான், நீலக்குறி காட்டியது. அவன் ஒன்றும் எழுதவில்லை.

பழைய பெட்டி என் கல்யாணத்துக்கு வீட்டை ஒழித்தபோதே இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அது இருந்து, அவன் கையில் ஒருமுறை கொடுத்தால் போதும், முப்பது வருஷப் பேச்சும் அடங்கிவிடும். அவனால் தாண்ட முடியாத குழி இப்போது எங்கேயும் இல்லை.