லேபிள் மட்டும் நம்மளுது

திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் தன் கடைப் பெயரிலேயே லேபிள் ஒட்டி இன்ஜின் ஆயில் விற்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் சிறுமலைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். போகும்போது ஆட்கள், வரும்போது வாழைத்தார். வேனுக்கு ஆயில் வாங்குவது என் பொறுப்பு. முதல் தடவையே கேட்டேன், இதை யார் தயாரிக்கிறார்கள் என்று.

“கோயமுத்தூர்ல பெரிய கம்பெனி டீச்சர். அவுக டப்பாவுல அடைக்கிற அதே ஆயில்தான். லேபிள் மட்டும் நம்மளுது.”

அன்றைக்கு அவர் சொன்னது உண்மைதான். மூன்று வருடம் வேன் ஒரு குறையில்லாமல் மலை ஏறி இறங்கியது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் சொன்னேன், தெருவில் சர்ச் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் சொன்னேன். ஸ்கூட்டர், டிராக்டர் வைத்திருந்தவர்களையெல்லாம் அந்தக் கடைக்கே அனுப்பினேன்.

நான்காம் வருடம் கோடையில், மலைப்பாதை ஏற்றத்தில் இன்ஜின் இறுகி நின்றது. பிரேக் சரியாகப் பிடிக்காமல் வேன் பின்னால் உருண்டது. வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை ஒடித்து மலைப் பக்கச் சுவரில் மோத விட்டார். மறுபக்கம் பள்ளம். உள்ளே நான்கு பேர். ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது.

இன்ஜினைப் பிரித்த மெக்கானிக், மிச்சமிருந்த டப்பாவிலிருந்து இரண்டு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்தார்.

“இது ஏற்கனவே ஓடுன ஆயிலு டீச்சர்.”

ஒர்க் ஷாப்புகளில் இறக்கும் கழிவு ஆயிலை ஒரு டெம்போ வந்து அள்ளிப்போகிறது, நானும் கொடுத்திருக்கிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அது வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போகிறதாம். சனிக்கிழமை காலையில் நானே போனேன். பீப்பாயில் கறுப்பு ஆயில் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் துணி கட்டி வடிகட்டினார்கள். டப்பாக்களில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண், கடைக்கார அண்ணாச்சி அனுப்பினாரா என்று என்னைக் கேட்டாள். அவள் கையில் இருந்தது எங்களுக்குப் பழக்கமான அதே லேபிள்.

நேராகக் கடைக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

“மொத மூணு வருசம் நல்ல சரக்குதான டீச்சர் குடுத்தேன்? கம்பெனிக்காரன் வெலைய ஏத்திட்டான். பேரு வந்தபெறகு நிறுத்த முடியுமா?”

“அந்தப் பேர நாந்தான் உங்களுக்கு வாங்கிக் குடுத்தேன்” என்றேன். முதல் நாளே கழிவை விற்றிருந்தால் வெறும் திருடன் என்று விட்டிருப்பேன். இந்த மனிதர் மூன்று வருடம் நல்லதைக் கொடுத்து, என் வாயால் ஊரை நம்பவைத்துவிட்டு, அதற்கப்புறம் மாற்றியிருக்கிறார்.

சிறுமலைக்குப் போய், மணிக்கட்டு முறிந்த அந்த அம்மாவிடம் காரணத்தைச் சொன்னேன். “நீ என்ன தாயி செய்வ” என்று ஒற்றைக் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார். அதைக் குடிக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து கோடை லீவு முழுக்க, டப்பாவில் மிச்சமிருந்த ஆயிலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக்கொண்டு அந்தக் கடை வாசலில் நின்றேன். வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். டீச்சருக்கு என்ன ஆச்சு என்று சிலர் சிரித்தார்கள். பங்குச் சாமியார் பொறுத்துப்போகச் சொன்னார். முடியாது சாமி என்றேன். நான் அனுப்பிவைத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், என்னால்தான் என்று சொன்னேன். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். ஒருவர் வந்து சாம்பிள் எடுத்துப் போனார். பதிலே வரவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்த லேபிள் கடையிலிருந்து காணாமல் போனது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, பழனி ரோட்டில் ஒரு கடையில் வேறு பெயரில் புது டப்பா ஒன்று பார்த்தேன். யார் தயாரிப்பது என்று கேட்டேன். பெரிய கம்பெனி என்றார்கள். எந்த ஊர், என்ன விலாசம் என்று கேட்டேன். கடையில் இருந்தவர், வாங்கினால் வாங்குங்க, இல்லாட்டி நகருங்க என்றார். நான் நகரவில்லை.