கோளாறான டேப்லெட்

2008 வாக்கில் நடந்தது இது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுவது என் வேலை. பன்னிரண்டு வருடமாக அதே வேலைதான்.

வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்ததும் அதில் படம் வரைய ஆசை வந்துவிட்டது. தொழிலுக்காக இல்லை. நாள் முழுக்க யார் வீட்டு அலமாரிக்கோ போகிற பொம்மைக்குக் கண் எழுதுகிறோமே, நமக்கென்று ஒரு கிளியாவது வரைவோமே என்றுதான். ஆனால் மவுஸைப் பிடித்து வரைந்த கிளி கோழியாக வந்தது.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவரிடம் கேட்டேன். டேப்லெட் என்று ஒரு பலகை உண்டு, அதன் மேல் அதற்கான பேனாவால் கோடு போட்டால் திரையில் விழும் என்றார். படம் அச்சடித்த தாளில் இரண்டைக் காட்டினார். பெரியதன் விலையைக் கேட்டதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது, மலிவு. அது போதும் என்றேன். எனக்காகச் சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்.

வீட்டில் வரைந்து பார்த்தால் ஒரு கோடும் சொன்னபடி கேட்கவில்லை. வலது பக்கம் இழுத்தால் மேலே ஏறியது. ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். என் வீட்டுக்காரர், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார். இத்தனை வருடம் புருவம் எழுதிய கைக்கா வரையத் தெரியாது? எனக்குக் கோபம் தலைக்கேறியது.

மறுநாளே கடைக்குப் போனேன். ஜெராக்ஸ் எடுக்க நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"வெல கம்மின்னு கோளாறான சாமான என் தலையில கட்டிட்டீங்க. சீட்டு எடுத்தாவது பெருசையே வாங்கிக்கிறேன். இத நீங்களே வச்சிக்குங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது.

பலகையை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். "ஒரு தடவ எம் முன்னாடி வரைஞ்சி காட்டுங்கக்கா" என்றார். வரைந்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பலகைய ஏன் திருப்புறீங்க?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பட்டறையில் நாங்கள் தூரிகையை அதிகம் அசைக்கமாட்டோம். அதை நிலையாகப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பொம்மையைத்தான் சுழற்றுவோம். அப்படிச் செய்தால்தான் புருவம் நடுங்காமல் வரும். அந்தப் பழக்கத்தில் என் இடது கை பலகையையும் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. பலகை திரும்பினால் திரையும் கூடவே திரும்புமா என்ன?

அவர் பலகைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டி மேசையோடு அழுத்தினார். மறுபடி போட்டேன். கோடு நேராகப் போனது. பெரியதை நானே வாய்விட்டுக் கேட்டேன், அவர் அப்படியே விற்றிருக்கலாம். "பொழுதுபோக்குக்கு இதே போதுங்கக்கா, பெருசு வாணாம்" என்றார்.

எனக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லித் திரும்பினால், ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். நான் பழி சொன்னதைக் கேட்டது நாலைந்து பேர். மன்னிப்புக் கேட்டதைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

கிளி அந்த வாரமே கிளியாக வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் ஒரு பொருளையோ ஒரு ஆளையோ கோளாறு என்று சொல்ல வாயெடுத்தால், நான் முதலில் என் இடது கையைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.