சீலுக்குக் காவல்

சாரம் கடைத்தெருவில் ஆட்டோவுக்காக நிற்கிறேன். வெயில் தாங்காமல் ஒரு ஒயின்ஸ் கடையின் நிழலில் ஒதுங்குகிறேன். தேர்தல் முடியும்வரை ஊரில் மதுக்கடைகள் திறக்கக் கூடாது. ஷட்டர் பூட்டில் துணி சுற்றி, அரக்கு வைத்து சீல் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவர் எழுந்து வருகிறார்.

"தள்ளி நில்லுங்க சார். உங்கள யாரு அனுப்புனது?"

"யாரும் அனுப்பல. நிழலுக்கு நிக்கிறேன். மூடுன கடைக்கு எதுக்குக் காவல்?"

"சரக்குக்கு இல்ல சார், சீலுக்கு. எவனாவது உடைச்சிட்டுப் போனா, நாங்கதான் திருட்டுத்தனமா வித்தோம்னு லைசன்ஸ் போயிடும். முனையில இருக்குற இன்னொரு ஒயின்ஸ் கடைக்காரன் அதுக்குத்தான் காத்துட்டு இருக்கான்."

சைக்கிளில் வந்த ஒருவர் சீலைப் பார்க்கிறார், அரசாங்கத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போகிறார். அவர் தெரு திரும்பும்வரை காவல்காரர் கண்ணை எடுக்கவில்லை. பிறகு என் பையைப் பார்க்கிறார்.

ஆட்டோ வந்துவிடுகிறது. ஏறப் போகிற என்னைக் காவல்காரர் மறித்து, பூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, செல்போனைத் தூக்குகிறார்.

"நீங்க கிளம்பறப்ப சீல் நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஆதாரம் வேணும்ல?"

நான் படத்துக்குச் சிரிக்கிறேன்.

"சிரிப்பெல்லாம் வேணாம் சார். கை ரெண்டும் தெரியற மாதிரி நில்லுங்க."