அஸாபி போட்ட தாழ்ப்பாள்

இபாதான் நகரத்து லாரி நிலையத்தில் எனக்கும் அஸாபிக்கும் ஒரே கூரைதான். அவள் அமாலாக் களி கிண்டுவாள், நான் பக்கத்தில் மீன் பொரிப்பேன். அவள் புருஷன் கானியு லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். "களி கறுப்பா, நீ கறுப்பா?" என்று கேட்டு அகப்பையால் ஓர் அடி வாங்கினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

ஒரு மழைக்காலத்தில் ஆளே மாறிப்போனான். அஸாபியின் பல்லை உடைத்தான். மறுநாள், "நானா செஞ்சேன்?" என்று அழுதான். கண்ணைத் துடைத்த கையாலேயே மறுபடி அடித்தான். மகள் ரூகாவின் கழுத்தை அவன் நெரித்த அன்று, அஸாபி அவனை வீட்டுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள்.

"தொறடி அஸாபி, தலை வலிக்குதுடி" என்று வெகுநேரம் கெஞ்சினான். அவள் திறக்கவில்லை.

சில நாளில் லாரிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தான். ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. அறுப்பதற்குள் போய்விட்டான்.

"அடிச்சது அவர் இல்லம்மா. கோபத்தை அடக்குற இடத்தையே கட்டி அமுக்கிடுச்சு" என்றார் டாக்டர்.

"அப்போ அதுக்கு முன்னாடி சிரிச்சானே, அது யாரு? அவனா, நல்லா இருந்த மூளையா?" என்று கேட்டாள் அஸாபி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாமே மூளைதான்னு சிலர் சொல்றாங்க. இல்லைன்னும் சிலர் சொல்றாங்க. எனக்குத் தெரியலம்மா."

எட்டாம் நாள் துஆ ஓத வந்த நாத்தனார் சிதிகாத் அஸாபியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொறக்குறதுக்கு முன்னாடியே மண்டி போட்டு அவங்கவங்க தலைய அவங்கவங்களே பொறுக்கி எடுத்துட்டு வர்றோம், ரூகாம்மா. அவன் எடுத்த தலை அப்படி. நீ என்ன பண்ணுவ?"

"அவனுக்குக் கட்டி இருந்துச்சு. எனக்கு என்ன இருந்துச்சு? நாந்தான் தாழ்ப்பாள் போட்டேன்."

"ஏண்டி உன்னை நீயே கொல்லுற?" என்றேன் நான்.

"தாழ்ப்பாள் போட்டது நான் இல்லைன்னா, எங்கப்பா பாத்த துணிக்கடைக்காரனை வேணாம்னுட்டு இவன் பின்னாடி வந்தேனே, அதுவும் நான் பண்ணலைன்னு ஆயிடும். அதை யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்."

போன வாரம் கானியுவின் படத்தைச் சுவரில் மாட்டினாள். அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ரூகா மாட்டேன் என்கிறாள். தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுகிறாள். அஸாபி அவளைக் கூப்பிடுவதில்லை. படத்தைக் கழற்றவும் இல்லை.