எனக்குத் தராத கடைசி ஓவர்

வியாழக்கிழமை காலை, நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "ராமலிங்கம் அண்ணன் போயிட்டாருப்பா" என்றான், அந்தக் காலத்தில் என்னோடு கிரிக்கெட் ஆடிய வேலு. "நெசமாவா? யாரு பாத்தா?" என்று கேட்டுவிட்டேன். சாவைக்கூட சந்தேகப்படும் இந்தப் புத்தி அவரிடமிருந்து தொற்றியதுதான்.

அவரோடு ஆடிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் மதகில் பலகையை ஏற்றி இறக்கும் லஸ்கர் வேலை. பலகையை யாராவது தூக்கித் தண்ணீரைத் திருப்பிவிடுவார்களோ என்று பகலெல்லாம் சந்தேகப்படுவார். சாயங்காலம் எங்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக வந்து பந்து போடுகிறவர்களைச் சந்தேகப்படுவார். மனிதர் ஓய்ந்ததே கிடையாது.

விக்கெட் எடுத்துவிட்டு வந்து நின்றால் பாராட்ட மாட்டார். "மொத ஓவர்ல எவனும் நல்லாத்தான் போடுவான். இன்னொருத்தன் அடிவாங்கிக் கெடுத்துட்டுப் போன எடத்துல வந்து போடுறான் பாரு, அவனச் சொல்லு" என்பார். அப்படிக் கெட்டுப்போன ஆட்டங்களில் இறக்குவதற்கென்றே என்னை வைத்திருந்தார். என் பந்தை அவர் பார்த்ததாக நினைவில்லை. சிக்ஸர் வாங்கியபின் திரும்பி நடக்கும்போது என் முகத்தைத்தான் பார்ப்பார். "அடி விழுந்த அடுத்த பந்து எங்க விழுது, அதுதான்டா ஆளு." மூன்று வருஷம் பார்த்த பிறகுதான் கடைசி ஓவரை என்னிடம் கொடுத்தார். அதிலும் முதல் நாள், பந்தைப் பாதி நீட்டிவிட்டு ஒரு தரம் பின்னுக்கு இழுத்தார்!

குத்தகைதாரர் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிந்துகொண்டிருந்த காலம் அது. பதிந்தவனை வெளியேற்ற முடியாது என்பதால் ஊருக்கு ஊர் அடிதடி. என் அப்பாவும் மனு கொடுத்திருந்தார், மிராசுதாரிடம் குத்தகைக்கு உழுத மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்துக்கு. பொங்கல் கழிந்து, சம்பா அறுத்த வயலில் தென்னை நார்ப்பாய் விரித்து, மிராசுதார் மகனின் அணியோடு எங்களுக்குப் பந்தயம். அன்று காலை மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்க்கும் காரியக்காரர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஒம் மவனக் கடைசியில கொஞ்சம் பாத்துப் போடச் சொல்லு. அய்யா ஆட்சேபண குடுத்தா பேரு ஏறுமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

கடைசி ஓவரில் அவர்களுக்கு ஐந்து ரன் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வரப்பில் குடை பிடித்து நின்ற காரியக்காரரும் பார்த்தார். ராமலிங்கம் அண்ணன் பந்தை, அதுவரை பந்தே போட்டிராத வேலுவிடம் வீசினார். "இவன நம்பிக் குடுக்க மாட்டேன்! இவங்கப்பன் அவங்க நெலத்துல நிக்கிறான்" என்று வரப்பு வரை கேட்கக் கத்தினார். நாலு பந்தில் தோற்றோம்.

நான் பாய்ந்து போய் அவர் சட்டையைப் பிடித்தேன். கூட ஆடிய நீங்கள்தான் விலக்கிவிட்டீர்கள். என் மானம் போனதே என்று நான் குதித்ததாக இத்தனை வருஷமும் நினைத்திருப்பீர்கள். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதை மறைக்கத்தான் அத்தனை குதியும்! தோல்விப் பழியெல்லாம் அவர் தலையில் விழுந்தது. சந்தேகப் பிராணி என்று அடுத்த வருஷம் தலைமையிலிருந்து இறக்கினோம். நானும் கை தூக்கினேன். அதற்குள், மிராசுதாரின் ஆட்சேபணை வராமலே அப்பாவின் பெயர் பதிவேட்டில் ஏறியிருந்தது.

போன மாசிமகத்தன்று அவரைப் பார்க்கப் போனேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "அண்ணே, அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுமா?"

"நீ இப்ப எதுக்குக் கேக்குற?" என்று கண்ணைச் சுருக்கினார். பிறகு, "மதகுல நிக்கிறவனுக்கு எந்த சைக்கிள் எந்தத் தெருவுக்குப் போவுதுன்னு தெரியாதா?" என்றார்.

"குடுத்திருந்தா நான் ஒழுங்காப் போட்டிருப்பேனா?"

"தெரியலடா. அதனாலதான் குடுக்கல."

பொய்யாகவாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார், அவர் ராமலிங்கம். அப்பாவின் மூன்று மாவில் இந்தச் சம்பாவுக்கும் நான்தான் நாற்று விட்டிருக்கிறேன். நிலம் தங்கிவிட்டது. நான் எப்படிப்பட்ட ஆள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அந்தச் சந்தேகம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது. அதைக் கடைசிவரை வைத்துக்கொள்வேன், அண்ணே.