கணினியின் மேல் போட்ட பழி

மட்டக்களப்பில் மின்சாரம் நினைத்தால் வந்து நினைத்தால் போன யுத்த காலம். நானும் என் நண்பனும் ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளர்கள். நான் உயிரியல், அவன் கணிதம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு கணினி இருந்தது. கிருமி ஒன்று உடம்புக்குள் புகுந்தால் உடம்பு அதை எப்படி எதிர்கொள்கிறது என்பதைத் திரையில் நடத்திக் காட்டும் செய்நிரல் ஒன்றை அதில் எழுதிக்கொண்டிருந்தோம்.

உண்மையான குருதியை வைத்து நிர்ப்பீடனத்தை, உடம்பின் நோயெதிர்ப்பை, ஆராய எங்களுக்கு வழியில்லை. குளிர்ப்பெட்டி வேலை செய்யாது. இரசாயனப் போத்தலோடு சோதனைச்சாவடியில் நின்று, இது இன்னதுக்கு என்று விளக்கம் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை. வெள்ளெலிகளுக்கு வைத்த தீனியை ஊர் எலிகள் தின்று கொழுத்தன. திரைக்குள் ஓடும் கிருமிக்குத் தீனியும் தேவையில்லை, அனுமதியும் தேவையில்லை.

திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கிருமிக்கும் பூச்சியமும் ஒன்றும் கலந்த ஒரு வரிசை. அதுதான் அதன் முகம். காவற்கலங்களுக்கும் அப்படியே. கிருமியின் முகத்தோடு பொருந்தும் கலம் பெருகும், கிருமியை அழிக்கும், பிறகு தன் ஆட்களில் சிலரை நினைவுக் கலங்களாக விட்டுவைக்கும். அதே கிருமி திரும்ப வந்தால் வாசலிலேயே கதை முடிந்துவிடும். வேறு முகமுள்ள கிருமி வந்தால் நினைவுக் கலங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இந்தப் பொருத்தம் பார்க்கும் விதியை எழுதியவன் என் நண்பன். அது ஓடும்போதெல்லாம் கதிரையில் இருக்க மாட்டான். "அடி, அடி, விடாத!" என்று உதைபந்தாட்டம் பார்ப்பவன்போலக் கத்துவான்.

அவனுக்குக் களுதாவளையில் கலியாணம் பேசியிருந்தது. பெண் ஆசிரியை, தகப்பனுக்கு வெற்றிலைத் தோட்டம். முதலில் வைத்த நாளில் ஊரடங்கு. இரண்டாவது நாளில் பாதை பூட்டு. "மூண்டாந் தரமும் நிண்டா நான் வேற இடம் பார்ப்பன்" என்று பெண்ணின் தகப்பன் சொல்லிவிட்டார். மூன்றாவது நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தபோதுதான் எங்கள் கணினியின் வன்தட்டு செத்தது.

செய்நிரலின் பிரதி ஒரு பிளொப்பித் தட்டில் இருந்தது. அதைப் பத்திரமாக வீட்டில் வைத்திருந்தவர் எங்கள் கணினி அறைப் பொறுப்பாளர். கல்லடியில் குடியிருந்த மெதடிஸ்த சபைப் பெண்மணி; எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. அவர் வீட்டில் அப்போது அவருக்கும் பிள்ளைகளுக்கும் கொப்புளிப்பான், தொற்றும் அம்மை. யாராவது உள்ளே போய் அலுமாரியில் தேடித்தான் அதை எடுக்க வேண்டும். அந்தச் செய்நிரலை வைத்து நான் எழுதும் கட்டுரை கொழும்பு ஆய்வரங்குக்குப் போகவேண்டிய நேரம். எனக்குக் கொப்புளிப்பான் ஒருநாளும் வந்ததில்லை. போகப் பயமாக இருந்தது.

"நான் போறன் மச்சான்" என்றான் நண்பன். "எனக்குச் சின்னதில அம்மாள் வந்தது. வேப்பிலையில கிடந்தது நினைவிருக்கு. நினைவுக் கலம் எல்லாம் தயாரா நிக்கும்."

"அப்ப உனக்கென்ன, ராசா. போ" என்றேன்.

இனி நான் மறைத்ததைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் கொப்புளம் போடும் கொப்புளிப்பானையும் அம்மாள் என்பார்கள், உடம்பு சிவந்து தடிக்கும் சின்னமுத்தையும் அம்மாள் என்பார்கள். வேப்பிலை இரண்டுக்கும் ஒன்றுதான், கிருமி வேறு. அதற்கு முந்திய மாதம் கிரானில் அவன் வீட்டில் சாப்பிட்டபோது அவன் தாய் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். "இவனுக்கு வந்தது சின்னமுத்து மனே. கொப்புளம் ஒண்டும் போடல்ல. செக்கச் செவேலெண்டு கிடந்தான், மீன் கேட்டு அழுதான்." நண்பன் அப்போது கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். நான் அதைக் காதால் கேட்டேன். எனக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு கிழமைக்குள் என்ன நடக்கும் என்பதும் தெரியும். அது என் பாடம். ஆனாலும் எனக்குப் பிளொப்பி வேண்டியிருந்தது.

அவன் பிளொப்பியை எடுத்துக்கொண்டு உடனே வரவில்லை. மிஸ்ஸின் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக, அவர்கள் கட்டிலில் உட்கார்ந்து தாளில் கட்டம் கீறி, கிருமியும் காவலும் விளையாடிவிட்டு வந்தான். "சின்னவள் என்னைத் தோற்கடிச்சிட்டாள்" என்று சிரித்தான்.

என் கட்டுரை கொழும்புக்குப் போனது. கலியாணத்துக்குச் சில நாட்களுக்கு முன் அவன் நெற்றியில் முதல் கொப்புளம் வந்தது.

அம்மாள் வந்த மாப்பிள்ளையை மணவறையில் இருத்த முடியாது. களுதாவளைக்குச் செய்தி கொண்டுபோக நான்தான் போனேன். பெண்ணின் தகப்பன் வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே நின்றார். கேட்டுவிட்டு ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"மூண்டாந் தரம் தம்பி. சாதகத்தில என்னமோ இரிக்கி. இதை இத்தோட விடுவம்."

சாதகத்தில் ஒன்றும் இல்லை, பிழை என்னுடையது என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வேறு சொன்னது. "சாதகம் நல்லம் ஐயா. அவருக்கு வராதெண்டு கொம்பியூட்டர்ல பார்த்துத்தான் போனவர். கொம்பியூட்டர் பிழைச்சிட்டு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தோட்டம் முழுக்கக் கேட்கச் சிரித்தார். "அட! கொம்பியூட்டர் சொன்னதெண்டா போனவர்? அப்ப முதல்ல அதிட சாதகத்தையெல்லோ பார்த்திருக்கணும்! இஞ்ச வாகா, கேளு, மருமகன்ட மிசின் செஞ்ச வேலைய!" என்று மனைவியைக் கூப்பிட்டார். சாதகத்தில் இருந்த பிழை மிசினுக்கு மாறியதும் அவர் மனம் இளகிவிட்டது. அடுத்த மாதத்தில் நாள் வைத்தார்கள்.

கலியாணம் நல்லபடி நடந்தது. மாப்பிள்ளையின் தழும்புகளுக்கு மேல் அரை டின் பவுடர். பந்தியில் மாமனார் ஒவ்வொரு வரிசையாகப் போய், மிசின் கதையைச் சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். சிரிக்காதவன் மாப்பிள்ளை ஒருவன்தான். மணவறையில் என் பக்கம் சரிந்து, "மச்சான், ஒருக்கா வந்தது திரும்ப வராதெண்டு நம்பித்தானே போனன், பொருத்த விதியில எங்கேயோ பிழை விட்டிட்டன். என்ட பிழையால இவங்களுக்கு எவ்வளவு அலைச்சல்" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் பழிபோட்டது கணினியின் மேல் அல்ல, அவன் மேல்.

லீவு முடியும் முன்பே அவன் வளாகத்துக்கு வந்து ஜெனரேற்றரை இயக்கினான். புதுப்பெண்ணும் கூட வந்து சோற்றுப்பெட்டியோடு இருந்தாள். வரி வரியாகத் தேடினான். கடைசியில், "இந்தப் பொருத்தம் பார்க்கிற பகுதியையே தூக்கிறன்" என்றான். அந்தச் செய்நிரலிலேயே மிகச் சரியான பகுதி அது.

"அதைத் தொடாத. அது சரி" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தாய் சொன்னதை, எனக்குத் தெரிந்திருந்ததை, நான் அவனை அனுப்பியதை.

அவன் திரையைப் பார்த்தபடியே இருந்தான். "அப்ப என்ட விதி பிழையில்ல" என்றான் முதலில். பிறகுதான், "நீ தெரிஞ்சா அனுப்பின?" என்றான். ஓம் என்றேன். அவன் எழுந்து போய் ஜெனரேற்றரை நிறுத்தினான்.

பேசியவள் அவன் மனைவி. "நல்ல கூட்டாளிதான் அண்ணன் நீங்க. நான் இவர் சொகமாகணும் எண்டு பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்து உடைச்சன். அந்தத் தேங்காய நீங்கதான் வாங்கியிருக்கணும்." சோற்றுப்பெட்டியை மூடிவிட்டுச் சொன்னாள்: "எங்கட வீட்ட இவர் சோத்துக்கு இருக்கேக்கெல்லாம் அப்பா மிசின் கதை எடுக்கிறார். நீங்களே வந்து அவருட்டச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டில்தான் குடியிருப்பான். அந்த வீட்டில் அவன் பெயர் கெட்டிருந்தது. அந்த ஞாயிறே போனேன். ஒன்றையும் குறைக்காமல் மாமனாரிடம் சொன்னேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, உங்களப் பெத்தவ புண்ணியம் செஞ்சவ" என்றார்.

"ஐயா, நான் சொன்னது..."

"எனக்கு விளங்குது. மருமகன்ட கணக்குப் பிழைச்சதை மறைக்கிறத்துக்கு நீங்க உங்கட தலையில போட்டுக்கொள்றீங்க. இப்பிடி ஒரு கூட்டாளி ஆருக்குக் கிடைக்கும்? பிள்ளை, தம்பிக்குச் சோத்துக் கோப்பையப் போடு!"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல என் மதிப்புத்தான் கூடியது. நண்பன் எதிரே இருந்து, தலையைக் குனிந்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. இறால் பொரியலில் பெரிய பங்கை மாமனார் என் கோப்பையில்தான் போட வைத்தார். நான் அதைச் சாப்பிட்டேன்.