பரணில் ஏற்றிய டப்பா

என் மகள் தவழத் தொடங்கியபோது எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மூடி கிடையாது. சுற்றுச்சுவரும் முழங்கால் உயரம்தான். மூங்கில் தட்டி ஒன்று செய்து போடுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். குழந்தை படியில் உருண்டு நெற்றியைக் கிழித்துக்கொண்ட நாளில்கூட, "கொயந்தன்னா வியத்தான் செய்யும், நீ பாத்துக்கினு இரு" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அந்தக் கிணற்றுக்குத் தட்டி வந்தபோது மகளுக்கு ஏழு வயது. அதுவும் அவளுக்காக வரவில்லை. வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த மறுநாள் வந்தது.

சாலவாக்கத்தில் ஒரு பெரிய வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. ஒன்று தருவதாகச் சொன்னதும் இவர் வயர் கூடையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டார். பழுப்பு நிறக் குட்டி, நெற்றியில் மட்டும் வெள்ளை. உசந்த சாதி நாயாம். மாட்டாஸ்பத்திரியில் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்து, வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். தண்ணீர் போகும் தூம்பை ஓட்டுச்சில் வைத்து அடைத்தார். வேலியில் இருந்த சந்துகளிலெல்லாம் முள் செருகினார். என் ஊசி டப்பா, காயவைத்திருந்த ஆமணக்குக் கொட்டை, மகள் ஆடும் புளியங்கொட்டை எல்லாம் மேலே போயின. எலிக்கு வைத்த மருந்து வடையை அவரே பொறுக்கி எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தார். வேர்க்கடலைப் பயிருக்குத் தூவுகிற பூச்சிப் பவுடர் டப்பா அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. அதையும் ஏணி போட்டுப் பரணில் ஏற்றினார். என் பெண் ஏழு வருடமாக அந்த டப்பாவைத் தாண்டித்தான் சோற்றுக்கு வந்துகொண்டிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன். குட்டிமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது பாட்டுக்கு என் புடவை முந்தானையைக் கடித்து இழுத்துக்கொண்டு திரியும். கூடப் பிறந்தவர்கள் இல்லாத என் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் பையை வாசலிலேயே எறிந்துவிட்டு அதோடு தரையில் புரளுவாள். இவர் வயலிலிருந்து வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, "தூம்ப மூடினியா?" என்பதாக இருந்தது. இரண்டாவது கேள்வி, "வேலிப் படல தொறந்து போட்டியா?"

அந்தப் பவுடரைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். முந்தின வருடம் கடலையில் கம்பளிப்பூச்சி விழுந்தபோது அதைத் துணியில் மூட்டை கட்டித் தட்டினார். செத்த பூச்சிகளைக் கொத்திய என் இரண்டு கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. நான் சொன்னதற்கு, "அது கோயிக்கு வர்ற வெள்ளக் கயிச்சல் நோவு" என்று முடித்துவிட்டார். அவருக்கு வாசனையும் தெரியாது. மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கு மரத்துப்போன ஆள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பம்புசெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் குட்டியின் காதில் உண்ணி இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். ஊரில் எல்லோரும் செய்கிறபடி, தானே பரணில் ஏற்றிய டப்பாவைத் தானே இறக்கி, பவுடரைத் துணியில் மூட்டை கட்டிக் குட்டியின் உடம்பு முழுக்கத் தட்டிவிட்டார். மூட்டையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் மகள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். பேனுக்கும் ஆகட்டும் என்று அவள் தலையிலும் தட்டித் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

ஈரத்துணியோடு நான் வந்து சேர்ந்தபோது குட்டி தன் உடம்பை நக்கி முடித்திருந்தது. வாயில் நுரை, நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. மகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் நெற்றி ஓரத்தில், துண்டுக்குக் கீழே, வெள்ளையாக அதே பவுடர்.

குட்டியை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியைப் போட்டது போட்டபடி அவள் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் வரமாட்டேன் என்று தரையில் விழுந்தாள். முதுகில் ஒன்று வைத்தேன். தட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு வாளி வாளியாக இறைத்து ஊற்றினேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், கண்ணில் பட்டு அலறினாள், மறுபடியும் ஊற்றினேன். "என்ன வுடு, நான் குட்டிகிட்ட போவணும்" என்று என் கையைக் கடித்தாள். அந்த நேரமெல்லாம் அவர் வாசலில் குட்டியை மடியில் போட்டுப் புளித்தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது அதன் உயிர் அடங்கியிருந்தது. அவர் தேம்பித் தேம்பி அழுதார். அது நடிப்பு இல்லை. அந்த அழுகையை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

அழுது முடித்ததும் அவருக்கு யாராவது ஒரு ஆள் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நின்றபோது, "நான் அவ்ளோ பாத்து பாத்து வெச்சேன். இவ இன்னாத்த எங்க கொட்டி வெச்சாளோ" என்றார். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பவுடர்தான் என்று சொன்னேன். ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா சொல்ற, எங்க பசங்க தலையில அதத்தான போடறோம், அதுங்களுக்கு இன்னா ஆயிடுச்சி?" என்று கேட்டாள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. என் பெண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே நான் தோற்றேன்.

மகள் வளர்ந்து கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்குப் போனாள். எண்பதுகளின் கடைசியில் அவள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. நான் போயிருந்தபோது, பினாயில் பாட்டில் எங்கே, கரண்ட் ஒயர் எங்கே, மாடிப்படிக்குப் பலகை எப்படிப் போட்டிருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அப்படியே அப்பாவின் கை. திருப்பதிக்குப் போய்வர நாலு நாள் ஆகும் என்றாள். நான் இருந்து குட்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"தப்பா நெனைக்காத மா. நைனாவ வரச்சொல்லு, அவரு பாத்துக்கட்டும். அன்னிக்கு அது துடிச்சிக்கினு கீது, நைனா மடியில போட்டுக்கினு அழுவறாரு. நீ என்ன அடிச்சி இய்த்துக்கினு போயி தலைக்கு ஊத்திக்கினு இருந்த. எனக்கு அது மறக்கவே இல்ல."

உன் தலையிலும் அதே பவுடர்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம்தான். பெரிய மனசு பண்ணி வாயை மூடிக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொன்னால் அவள் அவரைக் கேட்பாள், அவர் சிரிப்பார், அவள் அந்தச் சிரிப்பை நம்புவாள். அன்றைக்கு ஒருமுறை தோற்றது போதும் என்று ஊருக்கு வந்து, மகள் கூப்பிடுகிறாள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பையை எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் அந்தப் பையைத் துழாவினேன். இரண்டு வேட்டி, துண்டு, கண்ணாடிக் கூடு, குட்டிக்கென்று வாங்கிய பிஸ்கட். அதற்கும் கீழே பழைய பனியன் துணியில் கட்டிய சின்ன மூட்டை. அதே பூச்சிப் பவுடர் என்று வீச்சமே சொல்லிவிட்டது. அதை எடுத்துப் புழக்கடையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். அவருடைய கிழிந்த பனியனுக்கா வீட்டில் பஞ்சம், இன்னொன்றைக் கிழித்து, அரிசி மாவை அதே அளவுக்கு அள்ளி, அதே மாதிரி முடிச்சுப் போட்டு வைத்தேன்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"குட்டிக்கு அதே பவுடர்தான் தட்டுனேன். மொத நாளே தட்டிட்டேன். இன்னா ஆச்சி? ஒண்ணும் ஆவல, ஓடி ஆடிக்கினு கீது. உம் பொண்ணாண்டயும் சொன்னேன். அன்னிக்கு நீ எம்மேல சொன்னது அபாண்டம்னு இப்பவாவது ஒத்துக்கோ."

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஆமாங்க, நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.